குளோரின் எத்தனை மணி நேரம் தாங்கும்? உங்கள் தண்ணீரின் வினைவேகத்தை நீங்களே அளக்கும் வழி

தண்ணீர் ஆய்வறிக்கையில் "எஞ்சிய குளோரின்: லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது?" குளோரின் கலந்து பத்து நிமிடத்திலா, பத்து மணி நேரம் கழித்தா? இரண்டாவது கேள்வி, "தண்ணீர் என்ன சூட்டில் இருந்தது?" இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த 0.8 அளந்த நொடிக்கு மட்டும் உண்மை. இன்னும் நாலு மணி நேரத்தில் அது 0.7 ஆகுமா, 0.1 ஆகுமா என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை.

எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதிதாகச் சேருபவர்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. வேதியியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு வினைவேகச் சமன்பாடுகள் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு புட்டித் தண்ணீரைக் கொடுத்து, "இதில் குளோரினுடைய அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், என்ன?" என்று கேட்டால் நேராகப் புத்தகத்தைப் புரட்டப் போவார்கள். புத்தகத்தில் கிடைக்காது. சமையல் உப்பின் உருகுநிலை எங்கே அளந்தாலும் 801 டிகிரிதான். குளோரின் குறையும் வேகம் அப்படி ஒரு நிலையான எண் இல்லை. அந்தப் புட்டிக்குள் குளோரினோடு சேர்ந்து வேறு என்னென்ன இருக்கிறதோ, எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் எண் அது. அதனால் அளக்கத்தான் வேண்டும். ஒரு பகலும் இரவும், கொஞ்சம் கண்ணாடிப் புட்டிகள், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு கலரிமீட்டர், மடக்கை பார்க்கத் தெரிந்த கால்குலேட்டர். இவ்வளவு போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

நமக்கு வேண்டிய கோட்பாடு ஒரே வாக்கியத்தில் அடங்கும்: முதல் வகை வினையில், ஒரு மணி நேரத்தில் குறையும் அளவு, அந்த நேரத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ற பங்காக இருக்கும். கடனுக்குக் கூட்டு வட்டி ஏறுவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்கைக் காட்டும் எண்தான் வேக மாறிலி. இனி அதைக் "கே" என்று எழுதுகிறேன்.

இயற்கை மடக்கை (தொடக்கச் செறிவு ÷ இப்போதைய செறிவு) = கே × நேரம்

அரைவாழ்வுக் காலம் = 0.693 ÷ கே

இவ்வளவுதான். 1850இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், அமிலக் கரைசலில் சர்க்கரை உடைவதை அளந்தபோது கண்ட அதே உறவு இது. வினைவேகத்தைக் கணக்காக எழுதியதில் அவர்தான் முன்னோடி.

"குளோரின் தனியாகக் குறைவதில்லையே, எதனோடோ வினைபுரிந்துதானே குறைகிறது? அப்படியானால் இரண்டு பொருளின் செறிவும் சமன்பாட்டில் வரவேண்டாமா?" என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. வரவேண்டும்தான். ஆனால் எதிரே இருக்கும் பொருள் ஏராளமாக இருந்து, வினை நடந்தும் அதன் அளவு பெரிதாக மாறாவிட்டால், அதையும் கே-க்குள் அடக்கிவிடலாம். இதைப் போலி முதல் வகை வினை என்பார்கள். சுற்றுச்சூழல் வேதியியலில் பாதிக் கணக்குகள் இந்தப் "போலி"யை நம்பித்தான் ஓடுகின்றன. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை.

புட்டிகள்: இங்கேதான் பாதி வெற்றி

பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் குளோரின் சிதையும். நேரடி வெயிலில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். அப்புறம் நீங்கள் அளப்பது தண்ணீரின் குணத்தை அல்ல, ஜன்னலின் குணத்தை.

அடுத்து, புட்டியே குளோரினைத் தின்னக் கூடாது. சோப்பின் மிச்சம், விரல்பட்ட பிசுக்கு எல்லாம் குளோரினுக்குத் தீனிதான். லிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கும் கூடுதலாகக் குளோரின் கலந்த தண்ணீரைப் புட்டி நிறைய ஊற்றி, மூடியோடு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு சுத்த நீரால் பலமுறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். மூடியை மறந்துவிட வேண்டாம். நன்றாகக் கழுவிய புட்டிக்குப் பழைய ரப்பர் மூடியைப் போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

ஒரே பெரிய புட்டியிலிருந்து நேரத்துக்கு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அளக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மேலே காற்றிடம் கூடும், குளோரின் அதற்குள் தப்பும், வெளிக்காற்றும் தூசியும் உள்ளே வரும். ஒரு நேரத்துக்கு ஒரு புட்டி என்று வையுங்கள். அளந்ததும் அந்தப் புட்டியின் வேலை முடிந்தது. எட்டு நேரப்புள்ளிகள் வேண்டுமென்றால் எட்டுப் புட்டிகள். ஒவ்வொன்றுக்கும் இரட்டை வைத்தால் இன்னும் நல்லது. கழுத்துவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடுங்கள்.

குளோரின் சேர்க்கப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் லேபிளில் உள்ள சதவீதத்தை நம்ப வேண்டாம். அந்தக் கரைசலும் ஒரு வினைவேகப் பாடம்தான். அடர்த்தியான ஹைப்போகுளோரைட் நின்ற இடத்திலேயே குளோரேட்டாக மாறிக்கொண்டிருக்கும், அதுவும் இரண்டாம் வகை வினையாக, அதாவது வேகம் செறிவின் இருமடிக்கு ஏற்றபடி மாறும் வினையாக. செறிவைப் பாதியாக்கினால் சிதையும் வேகம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே அதை நீர்த்து, குளிர்ச்சியாக, இருட்டில் வையுங்கள். சோதனை செய்யும் அன்றே அதன் உண்மையான வலுவை அளந்து, அதிலிருந்து மருந்தளவைக் கணக்கிடுங்கள். அமிலமோ அம்மோனியா கலந்த கழுவு திரவமோ இதற்குப் பக்கத்தில் வரவே கூடாது. நச்சு வாயு வரும்.

புட்டிகள் அத்தனையும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். வாட்டர் பாத் இருந்தால் அதில் 20 டிகிரி. இல்லாவிட்டால் இன்குபேட்டர். இரண்டும் இல்லையென்றால் நல்ல மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில், அதே சூட்டிலுள்ள தண்ணீரோடு வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு எடுக்கும் தண்ணீரையும் முன்பே அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கடிகாரமும் இளஞ்சிவப்பு நிறமும்

தண்ணீர் முழுவதையும் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் எடுத்துக் குளோரினைக் கலந்து, ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டு, உடனே புட்டிகளில் பிரித்து ஊற்றுங்கள். தனித்தனிப் புட்டியில் தனித்தனியாக மருந்து சொட்டினால், பிப்பெட் பிழை ஒவ்வொரு புள்ளியிலும் ஏறி உட்காரும்.

எப்போதெல்லாம் அளப்பது? சமமான இடைவெளியில் வேண்டாம். தொடக்கத்தில் நெருக்கமாக, போகப்போகத் தள்ளி: 0, அரை மணி, 1, 2, 4, 8, 12, 24 மணி. முதல் ஒரு மணி நேரத்தில் நடப்பதும் அடுத்த இருபத்து மூன்று மணி நேரத்தில் நடப்பதும் வேறு வேறு கதைகள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அளக்க டி.பி.டி. முறை போதும். மாதிரியில் டி.பி.டி. தூளைப் போட்டால் குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் வரும். கலரிமீட்டர் அதை எண்ணாக்கும். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

தனிக் குளோரினை (வேறு எதனோடும் சேராத குளோரினை) அளக்கிறீர்கள் என்றால், தூள் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அளவைப் படித்துவிடுங்கள். தாமதித்தால், குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டான குளோரமின்களும் மெல்ல நிறம் கொடுக்கத் தொடங்கி எண்ணை ஏற்றிவிடும். இரண்டும் சேர்ந்த மொத்தக் குளோரின் வேண்டுமென்றால்தான் பொட்டாசியம் அயோடைடு சேர்ந்த தூளைப் போட்டு, அதற்குரிய நேரம் காத்திருக்க வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் வேறு ஒரு வம்பு: நிறம் வந்த வேகத்தில் வெளுத்துப்போய், கருவி "பூஜ்யம்" காட்டும். கடுமையான குளோரின் வாடை அடிக்கிறது, கருவியோ இல்லை என்கிறது என்றால், மாதிரியை நீர்த்து மறுபடி பாருங்கள். ஆக்சிஜனேற்றமடைந்த மாங்கனீசு இருந்தாலும் இல்லாத குளோரின் இருப்பதாகக் காட்டும். கண்ணாடிக் குப்பியின் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். மடக்கை எடுக்கும்போது சின்ன விஷயங்கள் பெரிதாகிவிடும்.

நிறம் மாறும் காகிதப் பட்டைகளை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவை சரி. வேகம் அளக்க ஆகாது.

எண்களை என்ன செய்வது

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை, ஆனால் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குளோரின் கலந்தால் வரக்கூடிய போக்குதான். மணி, செறிவு (லிட்டருக்கு மில்லிகிராம்), அதன் இயற்கை மடக்கை என்ற வரிசையில்:

0 — 2.00 — 0.693
0.5 — 1.62 — 0.482
1 — 1.48 — 0.392
2 — 1.34 — 0.293
4 — 1.14 — 0.131
8 — 0.82 — −0.198
12 — 0.59 — −0.528
24 — 0.22 — −1.514

கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் மடக்கை. முதல் வகை வினையென்றால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும், அந்தக் கோட்டின் சாய்வுதான் கே. பென்சிலால் வரைபடத்தாளில் வரையுங்கள் என்று நான் சொன்னால் இளையவர்கள் சிரிப்பார்கள். எக்செல் ஒரு நொடியில் கோடு போட்டுத் தருமே! தரும். இந்த எட்டுப் புள்ளிகளையும் கொடுத்தால் கே மணிக்கு 0.086 என்றும், பொருத்தம் காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.99 என்றும் சொல்லும். 0.99ஐப் பார்த்ததும் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அதே கோடு தொடக்கச் செறிவு 1.69 என்கிறது. நீங்கள் போட்டதோ 2.00! ஒருமுறை கண்ணால் பார்த்தாலே தெரியும்: முதல் இரண்டு மணி நேரம் செங்குத்தாக இறங்கி, பிறகு சாய்வு தணிகிறது. உண்மையில் அவை இரண்டு கோடுகள்.

முதல் அரை மணி நேரத்தில் சாய்வு மணிக்கு 0.42. இரண்டு மணிக்குப் பிறகு (0.293 + 1.514) ÷ 22 = 0.082. ஐந்து மடங்கு வித்தியாசம். ஏன்? தொடக்கத்தில் குளோரினுக்குக் கிடைப்பவை உடனே வினைபுரியும் பொருள்கள்: இரும்பு, சல்பைடு, அம்மோனியா. ஒரு மில்லிகிராம் இரும்பு 0.64 மில்லிகிராம் குளோரினை விழுங்கும். அம்மோனியா இன்னும் பேராசைக்காரன். அதிலுள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனையும் முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய, கணக்குப்படி 7.6 மில்லிகிராம் குளோரின் தேவை. இவை தீர்ந்தபின் மிஞ்சுவது, மெல்ல வினைபுரியும் கரிமப் பொருள்கள். அவற்றோடு நடப்பதுதான் அந்த இரண்டாவது, நீண்ட கோடு. குழாய்க்குள் பல மணி நேரம் ஓடும் தண்ணீருக்கு நமக்கு வேண்டியதும் அதுதான். ஆக, கே = மணிக்கு 0.082, அரைவாழ்வுக் காலம் 0.693 ÷ 0.082, அதாவது ஏறக்குறைய எட்டரை மணி நேரம்.

கோட்டின் அடிமுனையை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். கருவி 0.03 பிசகினால் 1.34இல் அது மடக்கையில் 0.02தான். 0.22இலோ 0.13க்கு மேல் போய்விடும். 0.1க்குக் கீழே உள்ள அளவுகளை நான் கோட்டில் சேர்ப்பதே இல்லை.

இது உண்மையிலேயே முதல் வகை வினைதானா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. அடுத்தடுத்த பாதிகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 1.34 பாதியாக 8.4 மணி நேரம், அதில் பாதியாக இன்னொரு 8.4 மணி நேரம் என்று ஒரே அளவாக இருந்தால் முதல் வகை. ஒவ்வொரு பாதிக்கும் முந்தையதைவிட இரு மடங்கு நேரம் பிடித்தால் இரண்டாம் வகை. பாதி நேரத்தில் முடிந்தால் பூஜ்ய வகை, அதாவது எவ்வளவு இருந்தாலும் ஒரே வேகத்தில் குறைவது. நுண்ணுயிரிகளுக்குத் தின்ன முடியாத அளவுக்கு உணவு குவிந்திருக்கும் இடங்களில் பூஜ்ய வகையைப் பார்க்கலாம்.

இன்னொன்று. அதே தண்ணீரில் 2க்குப் பதில் 4 மில்லிகிராம் போட்டுச் சோதித்தால் பெரும்பாலும் கே குறைந்துவிடும். ஏற்கெனவே குளோரின் பார்த்த தண்ணீரில் இரண்டாவது முறை போட்டாலும் கே குறையும். மாறிலி மாறுகிறதே என்று குழம்ப வேண்டாம். எதிரே இருக்கும் கரிமப் பொருள் தீரத் தீர, "அது மாறாது" என்று நாம் வைத்துக்கொண்ட போலி ஏற்பாடு தளர்கிறது, அவ்வளவுதான். ஆகவே நிஜத்தில் போடப்போகும் அளவையே சோதனையிலும் போடுங்கள்.

வெப்பநிலை

இதே சோதனையை 30 டிகிரியில் இன்னொரு தடவை செய்யுங்கள். கே மணிக்கு 0.19 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1889இல் அர்ஹீனியஸ் கொடுத்த சமன்பாட்டில் இரண்டையும் போட்டால் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, கிடைக்கும். கெல்வினில் 293.15, 303.15, வாயு மாறிலி 8.314.

கிளர்வு ஆற்றல் = 8.314 × இயற்கை மடக்கை (0.19 ÷ 0.082) ÷ (1/293.15 − 1/303.15)

விடை ஒரு மோலுக்குச் சுமார் 62 கிலோஜூல். இதை வைத்து இடையில் உள்ள எந்த வெப்பநிலைக்கும் கே கணக்கிடலாம். 25 டிகிரிக்கு 0.126 வரும். "பத்து டிகிரி ஏறினால் வேகம் இரு மடங்கு" என்ற வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும். அது கிளர்வு ஆற்றல் 53 கிலோஜூல் அளவில், சாதாரண வெப்பநிலையில் மட்டும் சரியாக இருக்கும். இங்கே 2.3 மடங்கு. அவசரத்துக்கு உதவும், ஆனால் அறிக்கையில் எழுத முடியாது. அளந்த எல்லைக்கு வெளியே, உதாரணமாக 45 டிகிரிக்கு, இந்தக் கோட்டை நீட்டவும் வேண்டாம்.

கிடைத்த எண்ணை வேலைக்கு எடுப்பது

நுகர்வோரிடம் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் தனிக் குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் தண்ணீர் 1.34இல் கிளம்புகிறது. 0.2க்கு இறங்க எவ்வளவு நேரம்? மடக்கை (1.34 ÷ 0.2) = 1.90. அதை 0.082ஆல் வகுத்தால் 23 மணி நேரம். 30 டிகிரியில் 0.19ஆல் வகுத்தால் 10 மணி நேரம். குளிர்காலத்தில் கடைசிக் குழாய்வரை போய்ச் சேர்ந்த குளோரின், கோடையில் பாதி வழியில் காணாமல் போவதற்கு வேறு மர்மம் எதுவும் தேவையில்லை.

தலைகீழாகவும் போடலாம். 30 டிகிரியில் கடைசி முனைக்குத் தண்ணீர் போய்ச்சேர 15 மணி நேரம் ஆகிறதென்றால், 0.2 மிஞ்ச 3.5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் முகம் சுளிப்பார். அதைவிடப் பெரிய சங்கடம், கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்து உண்டாக்கும் குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்கள். குளோரின் கலந்த குடிநீரில் இவை உருவாவதை 1974இல் ரூக் என்ற டச்சு வேதியியலாளர் வெளிப்படுத்தினார். குளோரினையும் நேரத்தையும் கூட்டினால் இவையும் கூடும். இதற்குப் பதில் பாதி வழியில், ஏழரை மணி நேரத்தில், இன்னொரு இடத்தில் குளோரின் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் 0.83 போதும். இரண்டாவது முறை கே குறைந்திருக்கும் என்பதால் கணக்கு பத்திரமான பக்கமே நிற்கும்.

கிருமி சாவதும் ஒரு வினைவேகம்தான். 1908இல் ஹாரியட் சிக், கிருமிகள் முதல் வகை வினை போலவே குறைகின்றன என்று காட்டினார். அதே ஆண்டு வாட்சன் அதில் கிருமிநாசினியின் செறிவைச் சேர்த்தார். அதிலிருந்து வந்ததுதான் செறிவையும் நேரத்தையும் பெருக்கும் இன்றைய நடைமுறை. வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க, பி.எச். 7இல், குளோரின் 1 மில்லிகிராம் அளவில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அட்டவணை 10 டிகிரிக்கு அந்தப் பெருக்குத்தொகை 112 (லிட்டருக்கு மில்லிகிராம் × நிமிடம்) கேட்கிறது, 20 டிகிரிக்கு 56. பத்து டிகிரிக்குச் சரிபாதி. இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்துக்கு இதே பெருக்குத்தொகை 15,300. ஆகவே அதைக் குளோரினால் வெல்ல நினைப்பது வீண். வடிகட்டுங்கள், அல்லது புறஊதா ஒளியைப் பயன்படுத்துங்கள். செறிவு குறைந்துகொண்டே வருவதால், பெருக்கும்போது தொடக்கச் செறிவை எடுக்காமல், தொட்டியை விட்டு வெளியேறும் இடத்துச் செறிவை எடுங்கள். பி.எச்.சையும் பாருங்கள். 7.5க்கு அருகில் குளோரினில் பாதி ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். கிருமியைக் கொல்வதில் அதுதான் வல்லது. 8.5இல் அது பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

புட்டியில் அளந்தது தண்ணீரின் பங்கு மட்டும். குழாயின் சுவரில் துருவும் பாசிப்படலமும் இருந்தால் அவையும் தின்னும். இதைப் பிரித்தெடுப்பது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஒரே தண்ணீர்க் கட்டியை மேல்முனையிலும் கீழ்முனையிலும் அளக்க வேண்டும். நீரோட்டம் நொடிக்கு 0.3 மீட்டர், தூரம் 3,240 மீட்டர் என்றால், மேலே மாதிரி எடுத்துச் சரியாக மூன்று மணி நேரம் கழித்துக் கீழே எடுங்கள். மேலே 1.10, கீழே 0.74 என்றால் மொத்த கே 0.132. அதில் தண்ணீரின் பங்கு 0.082 போக, மீதி 0.050 சுவருடையது. குழாய் குறுகக் குறுக இந்தப் பங்கு ஏறும். 100 மில்லிமீட்டர் குழாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் படும் சுவர்ப் பரப்பு, 200 மில்லிமீட்டர் குழாயில் படுவதைப்போல இரு மடங்கு. சுவர்ப் பங்கு பெரிதாக இருக்கும்போது குளோரினைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. குழாயைக் கழுவிவிட வேண்டும்.

இதே கணக்கு, வேறு இடங்களில்

கழிவுநீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அளப்பவர்கள் 20 டிகிரியில் ஐந்து நாள் கழித்து ஒரே ஒரு எண்ணை எழுதுவார்கள். அதுவும் பாதி எண்தான். ஐந்து நாள் பி.ஓ.டி. 20 என்று இரண்டு கழிவுகள் வந்தால் இரண்டும் ஒன்றா? ஒன்றின் கே நாளுக்கு 0.23 என்றால் ஐந்து நாளில் 68 சதவீதம் முடிந்துவிட்டது. மொத்தத் தேவை 29. இன்னொன்றின் கே 0.10 என்றால் 39 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. மொத்தத் தேவை 51. இரண்டாவது கழிவு ஆற்றில் வெகுதூரம் போய் ஆக்சிஜனைக் குடிக்கும். கழிவு ஆக்சிஜனை எடுக்கும் வேகத்தையும், காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்பக் கரையும் வேகத்தையும் எதிரெதிராக நிறுத்தி, ஆறு எங்கே மூச்சுத்திணறும் என்று கணக்கிட்டவர்கள் ஸ்ட்ரீட்டரும் பெல்ப்சும். 1925இல், ஒஹையோ ஆற்றில்.

காற்றிலும் இதே ஏற்பாடுதான். வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனோடு வினைபுரியும் இரண்டாம் வகை வினையின் மாறிலி 25 டிகிரியில் 1.8 × 10⁻¹⁴ (கன சென்டிமீட்டர், மூலக்கூறு, நொடி அலகில்). காற்றில் ஓசோன் நூறு கோடிக்கு 40 பங்கு இருந்தால், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 10¹² மூலக்கூறுகள். இரண்டையும் பெருக்குங்கள், போலி முதல் வகை மாறிலி நொடிக்கு 0.018. நைட்ரிக் ஆக்சைடின் சராசரி ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு! சாலை ஓரத்திலேயே ஓசோன் குறைந்து தெரிவதற்கு இதுவே காரணம்.

மீத்தேனுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றில் மீத்தேனோடு வினைபுரிந்து அதை அழிக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாகப் பத்து லட்சம். 25 டிகிரி மாறிலியான 6.3 × 10⁻¹⁵ஐ எடுத்தால் ஆயுள் ஐந்து ஆண்டு. ஆனால் மீத்தேன் பரவியிருக்கும் வளிமண்டலத்தின் பெரும்பகுதி அவ்வளவு சூடாக இல்லை. பூஜ்ய டிகிரிக்கு ஒட்டிய மாறிலியை எடுத்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. புத்தகத்தில் "25 டிகிரி" என்று அச்சிட்டிருப்பதாலேயே எல்லா இடத்திலும் 25 டிகிரி மாறிலியைப் போடுகிற பழக்கம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எழுதி வைக்கும் முறை

எங்கள் கூடத்தில் "கே = 0.082" என்று மட்டும் எழுதி வரும் தாளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுத வேண்டியது இப்படி: கே மணிக்கு 0.082 (இயற்கை மடக்கை அடிப்படையில்), 20 டிகிரி, பி.எச். எவ்வளவு, தொடக்க மருந்தளவு 2.00 மில்லிகிராம், 2 முதல் 24 மணி வரையிலான புள்ளிகளிலிருந்து, இருட்டில், காற்றிடம் இல்லாத புட்டியில், தனிக் குளோரின், டி.பி.டி. முறை, தண்ணீர் எடுத்த இடம், தேதி. மடக்கையின் அடிப்படையைக் குறிப்பிடாவிட்டால், 10 அடிமான மடக்கை எடுக்கும் ஒருவர் உங்கள் எண்ணை எடுத்துக்கொண்டு 2.303 மடங்கு வித்தியாசத்தில் போய் விழுவார். பழைய பி.ஓ.டி. அட்டவணைகளில் 0.1 என்றும், புதியவற்றில் 0.23 என்றும் ஒரே கே இரண்டு வேடத்தில் வருவது இதனால்தான்.

மழை பெய்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தாலோ, நீர் எடுக்கும் இடம் மாறினாலோ, சுத்திகரிப்பில் ஒரு கட்டத்தை மாற்றினாலோ பழைய தாளைக் கோப்பில் போட்டுவிட்டுப் புட்டிகளை மறுபடி ஊறப்போடுங்கள்.